மூன்று குவியல்

முத்துக் குளிப்பு நடந்த சலாபக் கரையில் ஏலம் போனது முத்து அல்ல, சிப்பி. ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று கேள்வி தொடங்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று அள்ளி வந்த குளியாளுக்கும் தெரியாது, விற்கிற சர்க்காருக்கும் தெரியாது, கேட்கிற வியாபாரிக்கும் தெரியாது. முன்கூட்டியே, சிப்பி விளையும் கடலடிப் பாரிலிருந்து கொஞ்சம் எடுத்துத் திறந்து பார்த்து, ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் முத்து தேறும் என்று சர்க்கார் ஒரு மதிப்பு சொல்லியிருக்கும். அதை வைத்துக்கொண்டு அவரவர் துணிச்சலுக்குத் தக்கபடி கேட்க வேண்டியதுதான். எடுத்த சிப்பியைக் குவித்து, சதை அழுகும்வரை விட்டு, கழுவி அரித்துப் பார்க்கும்போதுதான் லாபமா நட்டமா என்பது தெரியும்.

இதைப் படித்த அன்றே இது ஒரு விளையாட்டு என்று எனக்குப் பட்டது. அந்த எண்ணம் சார்ட் தாளில் தொடங்கி, அச்சாகி, பெட்டிக்குள் போய், கடைத்தட்டுக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்பில் பாண்டியர் பாடம் வரும்போதெல்லாம் கொற்கை வரும், கொற்கையோடு முத்து வரும். "கொற்கை முத்துக்குப் பேர்போனது" என்று பிள்ளைகள் எழுதிப் பழகுவார்கள். கொற்கை எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கடல் வீட்டுப் பிள்ளைகள். ஒருநாள் திரேஸ்புரத்துப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், முத்து எடுத்தவங்களுக்கு எவ்வளவு கெடைச்சுது?" பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் விளையாட்டு பிறந்தது.

தேடியதில் முதலில் கிடைத்தவர் மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதியவர், பங்குக் கணக்கையும் எழுதிவைத்திருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு. சுறா அண்டாமல் மந்திரம் ஓதிக் கடலைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒன்று. கடல்கட்டி என்று இங்கே சொல்லப்பட்ட அந்த ஆட்கள் வெள்ளைக்காரர் காலத்துச் சலாபங்களிலும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பங்கு மாறிவிட்டது. மூன்றில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாட்களுக்கு.

அந்தப் பங்கைப் பிரித்த முறைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அக்கரையில், மன்னார்ப் பக்கத்துச் சலாபங்களில், கரைக்கு வந்த சிப்பியைக் குளியாட்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று சுட்டிக்காட்டுவது அதிகாரி. பிரிக்கிற கைக்கு எடுக்கிற உரிமை கிடையாது. அதனால் பிரிக்கிறவன் தன் நன்மைக்காகவே சமமாகப் பிரித்தாக வேண்டும். காவல் வேண்டாம், தராசு வேண்டாம், சத்தியம் வேண்டாம். இரண்டு பங்கு சர்க்காருக்குப் போவது நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால் பிரிக்கிற நேரத்தில் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாத ஒரு வழியை இந்தக் கடல் கண்டுபிடித்து வைத்திருந்தது.

முதல் பலகையை இரண்டு சார்ட் தாளை ஒட்டி வரைந்தேன். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் கடல், கடலுக்குள் பார்கள். பாசிப் பார், குடமுத்துப் பார், வான்தீவு ஆறுபாகம் பார் என்று உண்மையான பெயர்களையே எழுதினேன். ஆறுபாகம் என்பது ஆழத்தின் அளவு, அந்தப் பெயரிலேயே கடல் வரைபடம் இருக்கிறது. சிப்பிக்குக் காலித் தீப்பெட்டிகள். கோவில்பட்டி, சாத்தூர் என்று தீப்பெட்டி ஊர்கள் பக்கத்தில் இருப்பதால் அதற்குப் பஞ்சமில்லை. முத்துக்கு ஜவ்வரிசி. காய் உருட்ட, ஒருபக்கம் தரையில் தேய்த்து வெளுக்கவைத்த புளியங்கொட்டை.

ஒரு பாடவேளைக்குள் பிள்ளைகள் ஆட்டத்தை உடைத்துவிட்டார்கள். "டீச்சர், குலுக்கிப் பாக்கான்! போங்கு!" என்று கத்தல். தீப்பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் ஜவ்வரிசி சத்தம் போடும், எத்தனை மணி என்றுகூடச் சிலர் சொல்லிவிடுவார்கள். ஏலத்தின் உயிரே உள்ளே இருப்பது தெரியாமல் இருப்பதுதான். அன்றோடு தீப்பெட்டி போய், அட்டை வந்தது. அட்டையின் முதுகில் சிப்பியின் அளவு மட்டும் தெரியும்: பெரிது, நடு, சிறிது. முகத்தில் முத்து. பெரிய சிப்பிக்குள் தூள் இருக்கலாம், சிறிய சிப்பிக்குள் ஆணிமுத்து இருக்கலாம். மூன்று குவியலாகப் பிரிப்பது இதனால்தான் சூடுபிடித்தது. முதுகைப் பார்த்துச் சமன்செய்ய வேண்டும், முகம் யாருக்கும் தெரியாது.

முத்தின் தரத்துக்கும் பழைய பெயர்களையே வைத்தேன். சலாப வியாபாரிகள் துளை அளவு மாறும் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்து, பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து வகை பிரிப்பார்கள். ஆணி, அணதாரி, குறுவல், தூள் என்று வகைப்பெயர்கள் நீண்டு போகும். பிள்ளைகள் அந்தப் பெயர்களை இரண்டாவது ஆட்டத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். தேர்வுக்கு என்று கொடுத்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

திரேஸ்புரத்தில் என் மாணவி ஒருத்தியின் தாத்தா இருந்தார். இளவயதில் முத்துக் குளித்து, பிறகு நெடுங்காலம் சங்கு குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசிச் சலாபம். அதில் கடலில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். பேத்தியோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்தார். கடைசியில் பலகையைத் தட்டி, "எல்லாஞ் சரி டீச்சரம்மா, கயித்தப் புடிக்கிறவன் எங்க?" என்றார்.

குளியாள் கல்லைக் காலில் கோத்துக் கயிற்றோடு இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே மூச்சு முட்டி, கயிற்றைச் சுண்டியதும் மேலே இழுக்க வேண்டியவன் அவன்தான். அந்த வேலைக்கு மச்சானைத்தான் வைப்பார்கள், மைத்துனன் கயிற்றைப் பிடித்தால் தன் அக்கா தங்கை தாலியை நினைத்துப் பிடிப்பான் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். தாத்தாவும் அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அவனுக்குப் பங்கு இல்லன்னா யாரு புடிப்பா?"

அன்றைக்கு ஆட்டத்துக்கு இன்னொரு விதி வந்தது. நீங்கள் கடலில் இறங்கும்போது உங்கள் இடப்பக்கம் இருப்பவர் உங்கள் கயிறு. எவ்வளவு நேரம் கீழே இருப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். காய் உருட்டுவது அவர். மூச்சுக் கணக்குத் தாண்டினால் நீங்கள் அள்ளியதும் போகும், அவர் பங்கும் போகும். ஏலத்தில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள் கடலில் ஒருவரை ஒருவர் நம்பித்தான் இறங்க வேண்டும். சுற்றி உட்கார்ந்திருக்கிற நால்வரும் யாருக்கோ மச்சானாகிவிடுகிறார்கள். அந்த விதி வந்த பிறகுதான் ஆட்டம் முடிந்தும் பிள்ளைகள் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பார் பொய்த்துப் போவதையும் சேர்த்தாக வேண்டும். 1905இல் இலங்கைப் பக்கம் நடந்த சலாபத்தில் ஏறக்குறைய எட்டுக் கோடி சிப்பி எடுத்தார்கள். மறு ஆண்டே ஒரு லண்டன் கம்பெனி அந்தப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஒன்றிரண்டு ஆண்டுக்குள் பார்கள் வெறுமையாயின, பிறகு கம்பெனி கடையைக் கட்டியது. குஞ்சுச் சிப்பியின் மேல் மணல் மூடும். சூரன் என்கிற மட்டி பாய் விரித்ததுபோலப் படர்ந்து அமுக்கிவிடும். நட்சத்திர மீன் தின்னும், திருக்கை கடித்து நொறுக்கும். இவை ஒவ்வொன்றும் ஓர் அட்டையானது. கூடவே வேப்பலோடை அட்டை ஒன்று. 1973இல் எங்கள் ஊருக்கு வடக்கே வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கா. அழகர்சாமியும் அவர் குழுவினரும் இந்தியாவில் முதன்முதலாக உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். அந்த அட்டை கையில் இருந்தால் பார் வெறுமையான பருவத்திலும் பிழைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் ஓடுகிற விளையாட்டு வேறு, கடையில் விற்கிற விளையாட்டு வேறு. வகுப்பில் நான் இருக்கிறேன். சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வேன், மறந்ததை எடுத்துக்கொடுப்பேன். பெட்டிக்குள் நான் இருக்க முடியாது. விதித்தாள்தான் இருக்கும். இதைச் சோதிக்க, என் சக ஆசிரியை ஒருவர் பாளையங்கோட்டையில் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அழைத்துப் போனார். பெட்டியைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். பேசக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு.

அப்பா விதித்தாளை உரக்கப் படித்தார். "கரை சேர்ந்த சிப்பிகள் உரிய விகிதத்தில் பங்கிடப்பட வேண்டும்" என்ற இடத்தில் நின்றார். மறுபடி படித்தார். பெரியவன், "உரிய விகிதம்னா எவ்வளவுப்பா?" என்றான். சின்னவள் அட்டைகளைச் சீட்டுப்போல ஆளுக்கொன்றாகப் போடத் தொடங்கிவிட்டாள். அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே தாளின் பின்பக்கம் மாற்றி எழுதினேன்: "நீங்கள் மூன்று குவியலாகப் பிரியுங்கள். வலப்பக்கம் இருப்பவர் உங்களுக்கு ஒன்றைக் காட்டுவார். அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் ஏலத்துக்கு." அம்மா அதை ஒருமுறை வாசித்தார். அதன்பின் யாரும் தாளைத் தொடவில்லை. சின்னவள் இரண்டு நடுச் சிப்பிக்கு ஒரு பெரிய சிப்பி சமமா என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். விதித்தாள் முழுவதையும் அந்தப் பாணியில் திருத்தி எழுதினேன். எதிரே இருக்கிறவரைப் பார்த்துச் சொல்வதாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயலாக.

அச்சுக்கு எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் வழியாகச் சிவகாசி. வைகுண்ட ஏகாதசிக்கு விற்கும் பரமபதத் தாளிலிருந்து நாட்காட்டி வரை அச்சடித்துப் பழகிய ஊர். அச்சகத்து அண்ணாச்சி என் பலகையை விரித்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், எங்க மடிக்கப் போறீக?" பதினெட்டு அங்குலச் சதுரப் பலகை நான்காக மடிந்தால் ஒன்பது அங்குலப் பெட்டிக்குள் போகும். மடிப்பு ஓடும் இடத்தில் மையும் லேமினேஷனும் நாளடைவில் வெடிக்கும். குடமுத்துப் பார் சரியாக மடிப்பின் மேல் இருந்தது. கடலையே கொஞ்சம் நகர்த்தி வரைந்தோம்.

அடுத்தது அட்டை. 20-க்கு 30 அங்குலத் தாளில் சீட்டு அளவு அட்டை 56 பிடிக்கும். அதற்குமேல் ஓர் அட்டை வந்தாலும் இன்னொரு தாள், இன்னொரு பிளேட், இன்னொரு வெட்டு. என்னிடம் இருந்தவை அதைவிட அதிகம். "பிளேட்டுக்கு ஆகுற செலவு ஐந்நூறு அடிச்சாலும் அதான், ரெண்டாயிரம் அடிச்சாலும் அதான். அட்டையக் குறைங்க, பெட்டிய நல்லாப் போடலாம்" என்றார் அண்ணாச்சி. எதை எடுப்பது என்று இரவெல்லாம் உட்கார்ந்தேன். அரசன் பங்கு, துறைமுகத் தீர்வை, புயல் எச்சரிக்கைக் கொடி என்று தகவலுக்காக வைத்திருந்தவை எல்லாம் போயின. யாரையும் எதையும் முடிவு செய்யவைக்காத அட்டைகள் அவை. 56க்குள் அடங்கியதும் ஆட்டம் இறுகிவிட்டது. தாளின் அளவு எனக்கு நல்ல பதிப்பாசிரியராக இருந்தது.

புளியங்கொட்டையை மட்டும் விட மனமில்லை. ஆனால் மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும் பெட்டிக்குள் அதில் வண்டு துளைத்துவிடும். ஒருபக்கம் தட்டை, ஒருபக்கம் வளைவு என்று சிறு மரத்துண்டுகளைக் கடைசல்காரர் ஒருவரிடம் செய்து வாங்கினேன். உருளும் சத்தம் வேறு, கணக்கு அதேதான்.

விற்பனைதான் கடினம். மொத்தமாக எடுத்து விற்க ஒருவர் முன்வந்தார். விலையில் பாதி அவருக்கு, அது இந்தத் தொழிலில் இருக்கிற வழக்கம்தான். அதோடு இரண்டு நிபந்தனை வைத்தார். ஆணி, அணதாரி எல்லாம் எதற்கு, நட்சத்திரக் குறி போடுங்கள் என்றார். மூன்று குவியல் ஆட்டத்தை இழுக்கிறது, ஆளுக்குச் சமமாகச் சீட்டுப் போடுவதுபோல மாற்றுங்கள் என்றார். முதலாவதையாவது யோசித்தேன். இரண்டாவதற்கு அங்கேயே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருந்தது. 1904இல் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண், "நிலக்கிழார் ஆட்டம்" என்ற பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்தையும் வாடகையையும் ஒருவர் வளைத்துக்கொண்டால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆவார்கள் என்று காட்டுவது அவர் நோக்கம். செல்வம் எல்லோருக்கும் பங்காகும் இன்னொரு விதித்தொகுப்பும் அவரிடம் இருந்தது. கையால் வரைந்த பலகைகளாக அந்த ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது. அதன் வழியில் வந்த ஒரு பலகையை சார்லஸ் டாரோ என்பவர் தன்னுடையதாக விற்க, 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் அதை மோனோபோலி என்று உலகுக்குக் கொடுத்தது. மேகியின் காப்புரிமைக்கு அவர்கள் தந்தது 500 டாலர். நம் வீடுகளில் பிசினஸ் என்று விளையாடுவது அதன் வாரிசுதான். பங்கு போடும் விதித்தொகுப்பு அந்தப் பெட்டியில் இடம்பெறவில்லை. கடைக்குப் போகும் வழியில் ஆட்டத்திலிருந்து முதலில் கழற்றப்படுவது நியாயத்தைச் சொல்லும் விதிதான். அதற்கு ஆகும் நேரம் விற்பவருக்கு வீண் நேரமாகத் தெரிகிறது.

தெம்பு தந்த முன்மாதிரியும் இருந்தது. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய கிரீடா, பல்லாங்குழியையும் தாயக்கட்டத்தையும் பரமபதத்தையும் பெரியவர்களிடம் கேட்டு, விதி எழுதி, பெட்டியில் போட்டு, புதிய தலைமுறையின் கைக்குக் கொண்டுபோனது. பாட்டியின் திண்ணையில் இருந்த ஆட்டம் விலை ஒட்டிய பெட்டியானாலும் தன்மை கெடாமல் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆகவே நானே அச்சடித்து, நானே பள்ளிகளுக்கும் புத்தகக் கண்காட்சிகளுக்கும் எடுத்துப்போனேன். விரித்துவைத்த ஒரு பலகையில் நால்வர் விளையாடிக்கொண்டிருந்தால் ஐந்தாவது ஆள் பெட்டி வாங்குவார். இதைவிடச் சிறந்த விளம்பரம் எனக்குக் கிடைக்கவில்லை. நட்சத்திரக் குறியையும் போடவில்லை. அணதாரி என்றால் என்ன என்று கேட்டவர்கள், கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கினார்கள்.

இப்போது ஒரு விளையாட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவைதான். யோசனையைப் பூட்டிவைக்க முடியாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. உங்கள் ஓவியத்துக்கும் விதித்தாளின் வாசகத்துக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காவல். பெயரை வணிகச் சின்னமாக 28ஆம் வகுப்பில் பதிந்துகொள்ளலாம். நான் அச்சிட்ட காலத்தில் இல்லாத ஒன்று இன்று உண்டு. 2021 ஜனவரி முதல், 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வயதையும் உள்ளே போடும் பொருளையும் வரைபடத்தில் இருக்கும்போதே தீர்மானியுங்கள். எழுதி முடித்த விதித்தாளை முன்பின் தெரியாத குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பங்கைக் கேளுங்கள். ஒரு தொழிலின் கதையைத் தொழில்காரர் அழகாகச் சொல்லிவிடுவார். அதன் அறம் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணிகளில் ஒரு நடைக்கு முதலாளிக்கு எவ்வளவு, தோணியை நடத்தும் தண்டலுக்கு எவ்வளவு, சமையல் பையனுக்கு எவ்வளவு? உப்பளத்தில் வாருகிறவருக்கும் சுமக்கிறவருக்கும் கூலி எப்படிப் பிரிந்தது? பனையேறிக்கும் மரத்துக்காரருக்கும் பதநீர் எந்த நாள் யாருக்கு? இவற்றைத் தங்கள் கையால் பிரித்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதை விதியாக்குங்கள், பிள்ளைகள் கையில் கொடுங்கள். முத்து எடுத்தவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்ட பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அது ஒரு மதிப்பெண் விடையாகப் போயிருக்கும். மூன்று குவியலைத் தானே பிரித்துப் பார்த்தவள், அந்தப் பிரிவினை சரிதானா என்று என்னிடமே வாதாட வந்தாள். ஒரு விளையாட்டை வெளியிட இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.